தலைவர் நம்மைப் போல இருந்தால் போதுமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டுச் சாவகாசமாகப் படியுங்கள்.

போன வாரம் ஒரு பழைய மாணவன் வாட்ஸ்அப்பில் வீடியோ ஒன்று அனுப்பியிருந்தான். ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லாமல் என்னிடம் கொட்டு வாங்கியவன். இப்போது ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த ஆளாகிவிட்டான். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாமா என்று யோசிக்கிறான். வீடியோவில் ஒரு வேட்பாளர் டீக்கடையில் நின்று டீ ஆற்றுகிறார். அடுத்து இஸ்திரிக் கடையில் சட்டை தேய்க்கிறார். பிறகு வயலில் இறங்கி நாற்று நடுகிறார். கீழே இவன் கேட்டிருக்கிறான்: "சார், தலைவர்னா நம்மள்ல ஒருத்தர் மாதிரி இருக்கணும், இல்ல சார்?"

ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தவன், தேர்தலுக்குத் தேர்தல் சாவடியில் உட்கார்ந்து ஊர்க்காரர்களின் விரலில் மை வைத்தவன், இந்தக் கேள்விக்குக் கட்டைவிரலைக் காட்டித் தப்பிக்கலாமா? அதனால்தான் இந்தப் பதிவு. கட்சி அரசியல் பேச வரவில்லை. கமெண்டில் சண்டை போடாதீர்கள்.

இதற்குப் பதில் தேட வெளியூர் போக வேண்டாம். நம் கடலூரும் சிதம்பரமுமே போதும்.

முதலில் ஒரு கேள்வி. சென்னை மாகாணத்தின் முதல் முதல்வர் எந்த ஊர்? வகுப்பில் கேட்டால் பலரும் ராஜாஜி என்றுதான் சொல்வீர்கள். இல்லை, நம்ம கடலூர்! ஏ.சுப்பராயலு ரெட்டியார். நீதிக்கட்சி 1920 தேர்தலில் வென்றபோது, தியாகராய செட்டியார் பதவி வேண்டாம் என்று சொல்லிவிட, இவர் முதல் மந்திரியானார். டிசம்பர் 1920 முதல் ஜூலை 1921 வரை இருந்தார். உடல்நலம் கெட்டதால் விலகினார். அந்த ஆண்டே காலமானார்.

அவர் சாதாரண ஆள் இல்லை. நிலபுலம் உள்ள குடும்பம், வக்கீல். ஓட்டுப் போட்டவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. சொத்து இருக்க வேண்டும், வரி கட்ட வேண்டும். என் தாத்தாவைப் போன்றவர்கள் சாவடிப் பக்கமே போக முடியாத காலம். ஆனால் ஒன்று கவனியுங்கள். அவர் முதல் மந்திரியாக இருந்த அந்தச் சில மாதங்களில்தான், 1921 ஏப்ரலில், பெண்களுக்கும் ஓட்டுரிமை என்று சென்னைச் சட்டசபை தீர்மானம் போட்டது. சொத்துத் தகுதி அப்படியேதான் இருந்தது. என்றாலும் கதவு திறந்தது. சாதாரண மக்களைப் போல இல்லாதவர்கள் உட்கார்ந்திருந்த சபைதான் அதைத் திறந்தது.

அந்தக் கதவு வழியாக வந்தவர் அஞ்சலையம்மாள். கடலூர் முதுநகரில் 1890-ல் பிறந்தவர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. 1927-ல் சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த நீல் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில், ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு சிறைக்குப் போனார். அந்தப் பிள்ளைக்குத்தான் காந்தி பிறகு லீலாவதி என்று பெயர் வைத்தார். வேலூர்ச் சிறையில் இருக்கும்போது அஞ்சலையம்மாள் நிறைமாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள். பெற்ற பிறகு கைக்குழந்தையோடு மீதித் தண்டனையை அனுபவிக்கத் திரும்பிப் போனார். போராட்டத்துக்காக நிலத்தையும் வீட்டையும் விற்ற குடும்பம் அது.

எங்கள் ஆயாவும் முதுநகர்தான். அஞ்சலையம்மாளைப் பற்றிப் பேச்சு வந்தால் ஆயா சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "அவங்க நம்ம மாதிரிதாண்டா இருப்பாங்க. ஆனா நாம அவங்க மாதிரி இல்ல." சின்ன வயதில் எனக்கு அது விளங்கவில்லை.

1937 தேர்தலில் அஞ்சலையம்மாள் சட்டசபைக்குப் போனார். தீர்த்தாம்பாளையம் பக்கத்துத் தண்ணீர்க் கஷ்டம் தீர அவர் முயற்சியில் வெட்டிய கிளை வாய்க்காலுக்கு இன்றும் அஞ்சலை வாய்க்கால் என்றுதான் பெயர். 2024-ல் விக்கிரவாண்டியில் நடந்த ஒரு புதிய கட்சியின் மாநாட்டில் அவருக்குப் பெரிய கட்அவுட் வைத்தார்கள். உங்களில் பலர் அன்றைக்குத்தான் "சார், யாரு சார் இவங்க?" என்று எனக்குப் போன் செய்தீர்கள். நம் ஊர்க்காரரை நமக்கே கட்அவுட் வைத்து அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. பாடம் நடத்திய எனக்கும் அதில் பங்கு உண்டு.

அடுத்து 1952. முதன்முதலாக இருபத்தொரு வயதான எல்லோருக்கும் ஓட்டு. அப்போது கடலூரிலிருந்து எஸ்.எஸ்.ராமசாமி படையாட்சியார் உழைப்பாளர் கட்சி என்று ஒன்றை நிறுத்தினார். பெயரைப் பாருங்கள், உழைப்பாளர்! "எங்களைப் போன்றவர்கள் சபையில் இல்லை, நாங்களே வருகிறோம்" என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். சட்டசபையில் 19 இடம் கிடைத்தது. பெரும்பான்மை இல்லாமல் காங்கிரஸ் தவித்த நேரம் அது. 1954-ல் காமராஜர் முதல்வரானபோது அமைச்சரவையில் மொத்தமே எட்டுப் பேர். அதில் படையாட்சியாரும் ஒருவர். ராமநாதபுரம் ராஜாவும் அதே அமைச்சரவையில்தான் இருந்தார். உழைப்பாளரும் ராஜாவும் ஒரே மேசையில்! கட்சி காங்கிரஸில் கரைந்துபோனது. அது நல்லதா கெட்டதா என்று இன்றும் நம் பக்கத்தில் திண்ணைக்குத் திண்ணை வாதம் உண்டு. நான் சொல்ல வருவது வேறு. நம்மவர் உள்ளே போவது பாதி வேலைதான். போன பிறகு என்ன நடக்கிறது என்பது மீதிப் பாதி.

அந்த மீதிப் பாதியைச் செய்து காட்டியவர் என்று நான் நினைப்பது காட்டுமன்னார்கோயில் எல்.இளையபெருமாள். 1952-ல் கடலூரிலிருந்தும் 1957-ல் சிதம்பரத்திலிருந்தும் நாடாளுமன்றத்துக்குப் போனவர். அவர் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் அவருடைய சமூகத்துப் பிள்ளைகளுக்குத் தனித் தண்ணீர்ப் பானை. அதை அவர் உடைத்த கதையை நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்டவரைத் தீண்டாமை குறித்து ஆராய 1965-ல் மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராகப் போட்டார்கள். 1969-ல் அறிக்கை வந்தது. பரம்பரை அர்ச்சகர் முறை ஒழிய வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தது. அதைக் காட்டித்தான் 1970-ல் தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 1972-ல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கிலும் அந்த அறிக்கை பேசப்பட்டது.

அவர் தன் பழைய வறுமையைச் சொல்லி ஓட்டுக் கேட்டதோடு நின்றிருந்தால் பானை உடைத்த கதை மட்டும்தான் மிஞ்சியிருக்கும். பட்ட அனுபவத்தை அரசாங்கக் கோப்பாக மாற்றினார். தனிப்பானையில் தண்ணீர் குடித்தவருக்குத்தான் எந்த ஊரில் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும். சாதாரண மக்களிலிருந்து தலைவர் வர வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல காரணம் இதுதான்.

இனி காமராஜர். அவரை விட்டுவிட்டு இந்தப் பேச்சைப் பேச முடியாது. படிப்பு ஆறாம் வகுப்பு, நாலு முழ வேட்டி, கதர்ச் சட்டை. அவரை எதிர்த்துத் தலைவர் தேர்தலில் நின்ற சி.சுப்பிரமணியத்தையும் முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் தன் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டார். தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்கத் தயங்காதவர். 1956-ல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தால் பள்ளிக்கூடம் போனவன் நான். கோதுமை உப்புமாவும் கரைத்த பால் பவுடரும் இன்றும் நாக்கில் இருக்கின்றன. அந்தச் சாப்பாடு இல்லையென்றால் நான் வாத்தியார் ஆகியிருக்க மாட்டேன். நீங்களும் என்னிடம் கொட்டு வாங்கியிருக்க மாட்டீர்கள்.

என் அப்பா மாட்டுவண்டிக்காரர். துறைமுகத்திலிருந்து ரயிலடிக்கும் மண்டிக்கும் மூட்டை ஏற்றுவார். அப்போது காங்கிரஸ் சின்னம் இரட்டைக் காளை. எங்கள் வீட்டு வாசலிலும் இரட்டைக் காளை. ஆனால் 1967-ல் அப்பா காளைக்கு ஓட்டுப் போடவில்லை. அந்தத் தேர்தலில் காமராஜரே விருதுநகரில் 1,285 ஓட்டில் தோற்றார். தோற்கடித்தவர் சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1965 ஜனவரி 27 அன்று, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிதம்பரத்தில் போலீஸ் சுட்டு அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் இறந்திருந்தார். ஊரெல்லாம் அரிசிப் பஞ்சம் வேறு. "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று எதிர்க்கட்சி சொன்னதை ஜனம் நம்பியது.

1975 அக்டோபர் 2. காமராஜர் இறந்த செய்தி ரேடியோவில் வந்தது. அப்பா அன்றைக்கு வண்டி பூட்டவில்லை, சாப்பிடவும் இல்லை. எனக்குப் பதினேழு வயது. வாய்த்துடுக்கு. "இவ்வளவு துக்கப்படறீங்களே, அன்னிக்கு ஏம்ப்பா அவர் கட்சிக்கு ஓட்டுப் போடல?" என்று கேட்டேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நல்ல மனுஷன்தாண்டா, அதுல என்ன சந்தேகம். ஆனா அந்த வருஷம் வூட்டுல அரிசி இல்ல. நல்லவராச்சேன்னு வயிறு கேக்குமா? அவரு நம்மாளு. நம்மாளுங்கறதாலதான் உரிமையா கோவிச்சுக்கிட்டோம்."

பட்டதாரிகள் எழுதிய எத்தனையோ புத்தகம் படித்துவிட்டேன். பள்ளிக்கூடம் பார்க்காத அப்பா சொன்ன இந்தப் பதிலைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் பார்க்கவில்லை. எளிமைக்கு மரியாதை உண்டு, கண்ணீர் உண்டு. ஆனால் எளிமைக்காகக் கணக்குக் கேட்காமல் விடக்கூடாது. அப்பா செய்தது சரியா? காமராஜர் தோற்றது நாட்டுக்கு நட்டம் என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஆனாலும் அப்பா கேட்டது நியாயமான கணக்கு என்றுதான் நினைக்கிறேன்.

நானே ஏமாந்த கதையும் ஒன்று உண்டு. ஊர் பேர் வேண்டாம். நான் குடியிருந்த ஒரு தெருவில் ஒருவர் இருந்தார். கல்யாணம் என்றால் பந்தி பரிமாறுவார். சாவு என்றால் முதல் ஆளாகப் பாடைக்கு மூங்கில் பிளப்பார். எல்லோருக்கும் "அண்ணே", "அக்கா". தெருவே சேர்ந்து ஜெயிக்க வைத்தோம். நானும் போட்டேன். அவருக்கு முன்னால் இருந்தவர் சிரிக்கவே தெரியாத மனிதர். எதிரே வந்தாலும் வணக்கம் வைக்க மாட்டார். ஆனால் எங்கள் தெரு வடிகாலுக்குப் பணம் வாங்கிப் பாதி வரை கட்டியவர் அவர்தான். நம்மவர் வந்த பிறகு மீதிப் பாதி அப்படியே நின்றது. 2015 மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பாவம், அன்றைக்கும் அவர் வந்தார். எங்களோடு சேர்ந்து தண்ணீரை வாளியில் மொண்டு ஊற்றினார். நல்ல மனிதர். வாளியோடு நின்ற அவரிடம் வடிகால் என்ன ஆச்சு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அது என் தவறு. ஐந்து ஆண்டும் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது ஆயா சொன்னது விளங்குகிறது. பார்க்க நம்மைப் போல இருப்பது எளிது. டீ ஆற்றவும் நாற்று நடவும் அரை நாளில் பழகிக்கொள்ளலாம். நம் கஷ்டம் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சட்டமாகவோ வாய்க்காலாகவோ மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் அமைந்தால் பாக்கியம். கஷ்டம் தெரிந்தவருக்கு வேலை தெரியாவிட்டால், காமராஜரைப் போலத் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் மனசாவது வேண்டும்.

ஆகவே தம்பி, உன் கேள்விக்கு என் பதில்: தேர்தலில் நில். தாராளமாக நில். உன்னைப் போன்றவர்கள் வரத்தான் இத்தனை பேர் பாடுபட்டார்கள். ஆனால் டீ ஆற்றி வீடியோ எடுக்காதே. உன் வார்டில் எத்தனை வீட்டுக்குக் குடிதண்ணீர்க் குழாய் இல்லை என்று வீடு வீடாகப் போய் ஒரு நோட்டில் எழுது. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான், இப்போதாவது சரியாகப் போடு. ஜெயித்த பிறகு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வா. நான் கணக்குக் கேட்பேன்.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் முதல் ஓட்டை யாருக்கு, ஏன் போட்டார்கள் என்று கேட்டு, காரணத்தை மட்டும் கமெண்டில் எழுதுங்கள். கட்சிப் பெயர் வேண்டாம். பதிவில் தவறு இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். இப்போது என் கையில் குச்சி இல்லை.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார், சிதம்பரம்