பால் மங்கும் உதகை மலைச்சரிவும்



சென்ற மாதம் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் முப்பரிமாண வடிவங்களைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். கூம்பு, உருளை, கோளம் என்று வெண்பலகையில் வரைந்து முடித்தபோது ஒரு மாணவன் எழுந்து, "வீட்டுக் கூரையில் இருக்கும் ஆஸ்ட்ரோ தட்டு எந்த வடிவம், டீச்சர்?" என்று கேட்டான். அரைக்கோளத்தின் ஒரு பகுதி என்று தயங்காமல் சொன்னேன். "அப்படியென்றால் எங்கள் பாட்டியின் மங்கைக் கூரையில் வைத்தாலும் படம் தெரியுமா?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்திற்குப் போய்விட்டேன்.

(தோட்டத்தை அறியாத இளைய பெற்றோர்களுக்காக: மங்கு என்பது ரப்பர் மரத்தில் வடியும் பாலை ஏந்தும் கிண்ணம். எங்கள் பள்ளி, தோட்டம் துண்டாடப்பட்ட பின் ஈப்போவிற்கு அருகே இடம்பெயர்ந்த பள்ளி. பால்மரம் வெட்டிய பாட்டிகள் சிலர் இன்றும் ஒரு மங்கைப் பத்திரப்படுத்தி வைத்துள்ளனர்.)

அன்று மாலை என் விடையைச் சரிபார்த்தபோதுதான் தவறு புரிந்தது. தட்டின் வளைவு கோளத்தின் வளைவு அன்று. அது பரவளைய வளைவு. நான் திருத்த வேண்டியது ஒரு சொல்லை மட்டுமன்று. அச்சிறுவனின் கேள்விதான் சரியான கேள்வி. அதைச் சிரித்துக் கடந்தவள் நான்.

கூம்பை ஒரு தளத்தால் வெட்டினால், வெட்டும் சாய்வைப் பொறுத்து வட்டம், நீள்வட்டம், பரவளையம், அதிபரவளையம் ஆகியவை கிடைக்கும். கிரேக்கர்கள் இவற்றை முதலில் ஆராய்ந்தது வடிவியல் ஆர்வத்தால்தான். பயன் பின்னால் வந்தது. கி.மு. 200ஐ ஒட்டி வாழ்ந்த டயோக்ளீஸ், பரவளைய ஆடி சூரியக் கதிர்களை ஒரே புள்ளியில் சேர்க்கும் என்று நிறுவினார். அப்புள்ளியே குவியம். அச்சுக்கு இணையாக வரும் எல்லாக் கதிர்களும் சம தூரம் பயணம் செய்து குவியத்தை அடைகின்றன. கோள வளைவில் இது நிகழாது. ஓரத்தில் படும் கதிர் ஓரிடத்திலும் நடுவில் படும் கதிர் வேறோரிடத்திலும் அச்சைக் கடக்கும். ஆழமில்லாத சிறு துண்டென்றால் ஓரளவு சமாளிக்கலாம். மங்கைப் போல் ஆழமானதென்றால் இயலாது.

இந்த வளைவைக் கொண்டு தமிழ்நாட்டில் எழுப்பப்பட்ட ஒரு கருவியைப் பற்றித்தான் இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன். ஊட்டி என்றால் நம்மவர்க்குத் திரைப்படப் பாடல் காட்சிகளே நினைவுக்கு வரும். அங்கு முத்தோரை என்னும் இடத்தில், 1970ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் வானொலித் தொலைநோக்கி ஒன்று உள்ளது. அதை உருவாக்கியவர் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கோவிந்த் சுவரூப் (1929–2020). அமெரிக்காவில் பணியாற்றிய அவர், ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்று 1963இல் தாயகம் திரும்பினார். ஆஸ்திரேலியாவில் பயன்படுத்தி முடித்த 32 சிறு தட்டுகளை நன்கொடையாகப் பெற்று, 1965இல் பம்பாய்க்கு அருகிலுள்ள கல்யாணில் நிறுவியதே அவர் குழுவின் தொடக்கம். பிறர் ஒதுக்கிய பொருளில் தொடங்கியவர்கள்!

அடுத்து அவர்கள் எண்ணியது மிகப் பெரிது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அத்தனை பெரிய வட்டத் தட்டை அக்காலத்தில் எப்படிச் செய்வது? ஆகவே பரவளையத்தை ஒரு திசையில் மட்டும் வளைத்து, மற்றத் திசையில் நேராக நீட்டினர். கூரைத் தகரத்தை வளைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 பரவளையச் சட்டங்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின் மேல் 1,100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டினர். அது ஏற்கும் அலையின் நீளம் சுமார் 92 செண்டிமீட்டர். ஆகையால் கம்பிகளின் இடைவெளி வழியே காற்று போகும், அலை போகாது. குவியம் இங்குப் புள்ளியாக இல்லாமல் கோடாகிவிடுகிறது. அக்கோட்டில் 1,056 அலைவாங்கிகள் உள்ளன.

என்னை மிகவும் வியக்கவைத்தது அவர்கள் இடம் தேடிய முறை. பூமி தன் அச்சில் சுழல்வதால் விண்பொருள்கள் கிழக்கிலிருந்து மேற்கே நகர்வதாகத் தெரிகின்றன. தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருந்தால், கதவு கீலில் திரும்புவது போல ஒரே அச்சில் திருப்பினாலே அவற்றைப் பின்தொடரலாம். அதற்கு நீண்ட அச்சு, அந்த ஊரின் அட்சரேகை அளவிற்கே சாய்ந்திருக்க வேண்டும். உதகையின் அட்சரேகை சுமார் 11 பாகை. ஆகவே வடக்கு தெற்காக 11 பாகை சாய்ந்த இயற்கைச் சரிவைத் தேடிக் கண்டுபிடித்தனர். இரு முனைகளுக்கும் உயர வேறுபாடு சுமார் 100 மீட்டர். செயற்கையாக எழுப்ப வேண்டிய சாய்வை மலையே தந்துவிட்டது.

நிலவு ஒரு வானொலி மூலத்தை மறைக்கும் நேரத்தை அளந்து, தொலைதூர அண்டங்களின் கோண அளவுகளை அவர்கள் கணித்தனர். பேரண்டம் என்றும் மாறாதது என்ற கொள்கைக்கு எதிராக, பெருவெடிப்புக் கொள்கைக்கு வலுச்சேர்த்த சான்றுகளுள் இவையும் அடங்கும்.

நிலநடுக்கோட்டில் இந்தச் சரிவே தேவையில்லை, சமதரை போதும். இதை எண்ணியே சுவரூப் பின்னர், 2 கிலோமீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் கொண்ட ஒன்றை நிலநடுக்கோட்டில் அமைக்கத் திட்டமிட்டார். கென்யாவும் நம் அண்டை நாடான இந்தோனேசியாவும் பரிசீலிக்கப்பட்டன. அது கைகூடவில்லை. அதன் பின்னரே புனேவிற்கு அருகே 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகள் எழுந்தன. ஈப்போவின் அட்சரேகை சுமார் 4.6 பாகை. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏற்றம். பால்மரக் காட்டு மேடுகளில் அப்படி எத்தனை சரிவுகள் இருந்தன என்று எண்ணிப் பார்க்கிறேன்.

மறு வாரம் வகுப்பில் என் தவற்றைச் சொன்னேன். பிறகு ஆளுக்கொரு எண்ணெய்த்தாள் கொடுத்தேன். வீட்டிலும் செய்து பார்க்கலாம்: கீழ் விளிம்புக்குச் சற்று மேலே ஒரு புள்ளி வையுங்கள். விளிம்பு அப்புள்ளியைத் தொடும்படி மடித்துப் பிரியுங்கள். இடத்தை மாற்றி மாற்றி முப்பது முறை மடித்தால், மடிப்புக் கோடுகளுக்கிடையே பரவளையம் தானாகத் தோன்றும். புள்ளிதான் குவியம்.

கேள்வி கேட்ட மாணவன் மட்டும் மங்கை விடவில்லை. அவனிடம், காலை வெயில் பக்கவாட்டில் விழும்படி ஒரு சில்வர் குவளையை வைத்து உள்ளே பார்க்கச் சொன்னேன். மறுநாள் வந்து சொன்னான்: "ஒரு புள்ளியில் சேரவில்லை டீச்சர். நடுவில் கூராக, வளைந்த கோடாகத் தெரிகிறது."