நாடாக்களைத் தேடி எடுத்தவர்கள்

நம் வீடுகளில் நிலத்தின் பட்டா பெரும்பாலும் அப்பாவின் பெயரில் இருக்கும். அது எந்தப் பெட்டியில், எந்தப் புடவைக்கு அடியில் இருக்கிறது என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். ரேஷன் அட்டை, பத்தாம் வகுப்புச் சான்றிதழ், நகை அடகுச் சீட்டு என எது வேண்டுமென்றாலும் அம்மாவைத்தான் கேட்போம். அவர் எடுத்துத் தருவார். எதை எங்கே வைப்பது, எதைப் பத்திரப்படுத்துவது, எதைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவது என்று நாள்தோறும் முடிவெடுப்பவரும் அவரே. ஆனால் அதை யாரும் ஓர் அறிவாகக் கணக்கில் எடுப்பதில்லை.

கணினி வரலாற்றிலும் இப்படிக் கணக்கில் வராத ஒரு வேலை உண்டு. அமெரிக்காவின் பெரிய கணினி மையங்களில் காந்த நாடாக்களைப் பாதுகாத்து, தேடி எடுத்துக் கொடுத்த வேலை அது.

1951இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறைக்கு யூனிவாக் கணினி வந்தபோது, அதோடு காந்த நாடாவும் வந்தது. நாடாவில் ஒரு சிக்கல் இருந்தது. புத்தகத்தைப் போல நடுவில் பிரித்துப் படிக்க முடியாது. பழைய பாட்டுக் கேசட்டைப் போல முதலிலிருந்து ஓட்டிக்கொண்டே போக வேண்டும். எனவே நாடாவில் உள்ள பதிவுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தால்தான் தேடுவது எளிது. அடுக்கப்படாத நாடாவில் தேடுவது, குவித்துப் போட்ட நெல்லில் ஒரு மணியைத் தேடுவது போல.

இந்தச் சிக்கலில் முதலில் கை வைத்தவர்களில் ஒருவர் பெட்டி ஹோல்பெர்டன். எனியாக் கணினிக்கு நிரல் எழுதிய ஆறு பெண்களில் ஒருவர். நாடாவில் உள்ள பதிவுகளை வரிசைப்படுத்தி ஒன்றுசேர்க்கும் நிரலைத் தானே உருவாக்கித் தரும் ஒரு நிரலை, யூனிவாக்கிற்காக அவர் எழுதினார். அதே காலத்தில் கிரேஸ் ஹாப்பர், அடிக்கடி தேவைப்படும் சிறு நிரல்களை ஒரு நாடாவில் சேர்த்துவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு அழைப்பு எண் கொடுத்தார். எண்ணைச் சொன்னால் கணினியே அந்த நிரலை நாடாவில் தேடி எடுத்துக் கோத்துக்கொள்ளும். 1951-52இல் உருவான இந்த ஏ-0 முறையிலிருந்துதான் கம்பைலர் என்ற சொல்லே கணினித் துறையில் பரவியது. நூலகத்தில் புத்தகத்துக்கு எண் ஒட்டிவைக்கும் வேலைக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

இவர்கள் இருவருடைய பெயரும் இன்று ஓரளவு தெரியும். அடுத்த நிலையில் இருந்தவர்களின் பெயர்கள் தெரியாது.

1964இல் ஐபிஎம் தன் சிஸ்டம்/360 கணினிகளை அறிவித்த பிறகு, வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அரசுத் துறைகளும் தம் கணக்குகளை நாடாவுக்கு மாற்றின. ஒரு பெரிய நாடாச் சுருள் பத்தரை அங்குல விட்டம், 2,400 அடி நீளம். அங்குலத்துக்கு 1,600 எழுத்து என்ற அடர்த்தியில் எழுதினால் அதிகபட்சம் 46 மெகாபைட் கொள்ளும். இன்றைய கைபேசிப் புகைப்படங்கள் பத்துப் பதினைந்தை வைத்தால் நிறைந்துவிடும். ஆகவே ஒரு நிறுவனத்துக்கு ஆயிரக்கணக்கில் சுருள்கள் தேவைப்பட்டன. கணினி அறைக்குப் பக்கத்திலேயே அவற்றுக்குத் தனி அறை உருவானது. அதற்குப் பெயர் நாடா நூலகம். அங்கே வேலை செய்தவர் நாடா நூலகர். அக்காலக் கணினி விளம்பரப் படங்களைப் பாருங்கள். நாடா எந்திரத்துக்கு முன்னால் சுருளோடு நிற்பது பெரும்பாலும் ஒரு பெண்தான்.

வேலை இப்படி நடந்தது. கணினி ஒரு நாடாவைக் கேட்கும்போது, திரையிலோ அச்சுத்தாளிலோ ஆறு எழுத்துள்ள அடையாள எண்ணைக் காட்டும். அந்தச் சுருளை அடுக்கிலிருந்து எடுத்து எந்திரத்தில் மாட்ட வேண்டும். எழுத வேண்டிய நாடா என்றால் சுருளின் பின்புறம் ஒரு பிளாஸ்டிக் வளையத்தைப் பொருத்த வேண்டும். வளையம் இல்லையென்றால் எந்திரம் எழுதாது, படிக்க மட்டுமே செய்யும். அழிக்கக் கூடாத நாடாவில் வளையம் மாட்டிவிட்டால் முந்தைய மாதக் கணக்கு முழுவதும் போய்விடலாம்.

இதைவிடப் பெரிய பொறுப்பு இன்னொன்று. காலாவதியான நாடாக்களைப் பொறுக்கி எடுத்து, மறுபடி எழுதத் தகுந்தவை என்று ஒதுக்குவது. ஸ்கிராட்ச் நாடா என்பார்கள். எந்த நாடா யாருடையது, எந்தத் தேதிவரை வேண்டும், எது வெளியூர்ப் பாதுகாப்புக் கிடங்குக்குப் போயிருக்கிறது, எது நாளை திரும்பி வரும் என்பதெல்லாம் நூலகரின் அட்டைகளிலும் பேரேட்டிலும் இருந்தன. அட்டையில் எழுத முடியாத பாதி, அவருடைய நினைவில் இருந்தது.

அமெரிக்கத் தொழிலாளர் துறை வெளியிட்ட வேலைப்பெயர் அகராதி, நாடா நூலகரை எழுத்தர் வேலைகளில், கோப்பு எழுத்தர்களின் தொகுதியில் வைத்தது. நாடாக்களை வகைப்படுத்துவது, பட்டியலிடுவது, பேணுவது அந்த வேலையின் பகுதி என்று அதே அகராதி விவரிக்கிறது. நூலகவியலின் மையமான வேலைகள் இவை. ஆனாலும் மதிப்பு எழுத்தரின் மதிப்புதான்.

1984இல் சுருளுக்குப் பதிலாகக் கையடக்கக் கார்ட்ரிட்ஜ் வந்தது. 1987இல் ஸ்டோரேஜ்டெக் நிறுவனம், வட்டமான கொள்கலனுக்குள் சுமார் 6,000 கார்ட்ரிட்ஜ்களை அடுக்கி, எந்திரக் கையே எடுத்து மாட்டும் அமைப்பை விற்கத் தொடங்கியது. பேரேடு மென்பொருளாக மாறியது. இத்தகைய மென்பொருள்களில் ஒன்று ஐபிஎம்மின் ஆர்எம்எம். கழற்றி மாட்டக்கூடிய ஊடகங்களை நிர்வகிப்பது என்பது அதன் பெயரின் பொருள். இன்றும் மெயின்ஃப்ரேம்களில் இயங்குகிறது.

அதன் தேடல் கட்டளைகளைப் பார்த்தால் பழைய நூலகரின் மேசையைப் பார்ப்பது போலிருக்கும். நாடாவைத் தேட ஒன்று, அதிலுள்ள கோப்பைத் தேட ஒன்று, அடுக்கு எண்ணைத் தேட ஒன்று, வெளிக் கிடங்கின் அறையைத் தேட ஒன்று, எதை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்ற விதியைத் தேட ஒன்று, உரிமையாளரைத் தேட ஒன்று. அவர் அட்டைப்பெட்டியில் எந்தெந்த வரிசைகள் இருந்தனவோ அவையே கட்டளைகளாகியிருக்கின்றன.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நாடாவைத் தேடும்போது உரிமையாளர் யார் என்று குறிப்பிடாவிட்டால், தேடுகிறவரின் பெயரில் உள்ள நாடாக்களை மட்டுமே மென்பொருள் காட்டும். எல்லோருடையதையும் பார்க்க, உரிமையாளர் இடத்தில் நட்சத்திரக் குறி போட வேண்டும். தொழில்நுட்பரீதியாக இதில் தவறில்லை. ஆனால் உரிமையாளருக்கு ஒரு கட்டம் உண்டு, ஆண்டாண்டாக அதைக் காப்பாற்றியவருக்குக் கட்டம் கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். பட்டாவிலும் அப்படித்தான்.

காப்பாற்றுகிறவர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? நிலவில் மனிதன் இறங்கிய காட்சியின் மூலப் பதிவு நாடாக்கள், நாடாத் தட்டுப்பாட்டால் அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009இல் நாசாவே சொன்னது. தொலைக்காட்சி ஒளிபரப்பின் பிரதிகள் இருக்கின்றன. அதைவிடத் தெளிவான மூலம் இல்லை.

காப்பாற்றுகிறவர் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நாசாவிலேயே சான்று உண்டு. அப்பல்லோ இறங்க வேண்டிய இடங்களைத் தேர்ந்தெடுக்க, 1966-67இல் ஐந்து லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் நிலவைப் படமெடுத்தன. படங்கள் சுமார் 1,500 நாடாக்களில் இருந்தன. இவை மெயின்ஃப்ரேம் நாடாக்கள் அல்ல. வேறுவகை எந்திரத்தில் மட்டுமே ஓடும் பெரிய நாடாக்கள். ஆனால் வைத்திருப்பதா, தூக்கி எறிவதா என்ற கேள்வி அதேதான். 1980களில் அந்தக் கேள்வி நான்சி எவான்ஸிடம் வந்தது. கோள் ஆய்வுத் தரவுகளுக்கான நாசாவின் காப்பக அமைப்பை நிறுவியவர்களில் ஒருவர் அவர். தூக்கி எறிய அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நாடாக்கள் மட்டும் இருந்து, ஓட்ட எந்திரம் இல்லாவிட்டால் பயனில்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் பழைய எந்திரங்களைத் தேடிப் பிடித்தார். ஆளுயரத்தைத் தாண்டிய அந்த எந்திரங்களை வைக்க வேறு இடம் கிடைக்காமல், தன் வீட்டுக் கார் கொட்டகையில் வைத்தார். மீட்புப் பணிக்கு நிதி கேட்டும் கிடைக்கவில்லை. ஆண்டுகள் ஓடின. எந்திரங்கள் கொட்டகையிலேயே இருந்தன.

2007இல்தான் வேறு சிலர் முன்வந்தார்கள். நாடாக்களும் எந்திரங்களும் கலிபோர்னியாவிலுள்ள நாசாவின் ஏம்ஸ் மையத்துக்குப் போயின. மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையில் வேலை நடந்தது. 2008 நவம்பரில் முதல் படம் வெளிவந்தது. நிலவின் விளிம்புக்கு மேலே பூமி. 1966 ஆகஸ்டில் எடுக்கப்பட்ட அதே படம், 42 ஆண்டுகள் உலகம் பார்த்திராத தெளிவோடு.

எவான்ஸ் அந்தப் படத்தை எடுக்கவில்லை. நாடாவுக்கு உரிமையாளரும் அல்ல. வேண்டாம் என்று எல்லோரும் சொன்னதை வேண்டும் என்று சொன்னார், வைத்திருந்தார். அவர் பெயராவது நமக்குத் தெரியும். ஒவ்வொரு காலையும் ஸ்கிராட்ச் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த நாடா வேண்டாமா, நிச்சயமாக வேண்டாமா என்று இன்னொரு முறை கேட்ட நூலகர்களின் பெயர் எந்தக் கட்டத்திலும் இல்லை. பெண்களின் வேலையை வரலாற்றில் தேடும்போது உரிமையாளர் பெயரை மட்டும் கொடுத்துத் தேடினால், அவர்கள் கிடைக்க மாட்டார்கள். அந்த இடத்தில் நாமும் நட்சத்திரக் குறி போட்டுத்தான் தேட வேண்டும்.