டர்ட்டில் நீர்மூழ்கியின் பார்பர் வரைபடம்

டர்ட்டில் நீர்மூழ்கியின் பார்பர் வரைபடம் என்பது, போரில் பயன்படுத்தப்பட்ட முதல் நீர்மூழ்கிக் கலமாகக் கருதப்படும் டர்ட்டிலின் உட்புறத்தைக் காட்டும் வெட்டுமுகப் படம் ஆகும். இதனை அமெரிக்கக் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பார்பர் 1875 ஆம் ஆண்டு வரைந்தார்.

பின்னணி

ஆமை எனப் பொருள்படும் டர்ட்டில், கனெடிகட்டைச் சேர்ந்த டேவிட் புஷ்னெல் என்பவரால் 1775 இல் மரத்தால் கட்டப்பட்டது. 1776 செப்டம்பரில் எஸ்ரா லீ இதனை இயக்கிச் சென்று, நியூயார்க் துறைமுகத்தில் நின்ற ஈகிள் என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலின் அடியில் வெடிமருந்துப் பெட்டியைப் பொருத்த முயன்று தோல்வியுற்றார்.

கலம் கட்டப்பட்ட காலத்துப் படம் எதுவும் எஞ்சவில்லை. புஷ்னெல் 1787 இல் தாமஸ் ஜெஃபர்சனுக்கு எழுதிய கடிதமும், லீ 1815 இல் எழுதிய கடிதமுமே முதன்மைச் சான்றுகளாகும்.

படத்தின் அமைப்பு

முட்டை வடிவக் கலத்தினுள் ஒருவர் அமர்ந்து, கைப்பிடியைச் சுழற்றி உந்தியை இயக்குவதாகப் படம் காட்டுகிறது. சுக்கானும், கப்பலின் அடியைத் துளைக்கும் திருகும், வெடிமருந்துப் பெட்டியும் காணப்படுகின்றன. இப்பெட்டி 150 பவுண்டு வெடிமருந்தைக் கொள்ளும்.

பிழை

படத்தில் உந்திகள் நீண்ட திருகுச் சுருளாக வரையப்பட்டுள்ளன. லீயோ அவற்றைக் காற்றாலையின் கைகளைப் போன்ற, சுமார் 12 அங்குல நீளமுள்ள துடுப்புகள் என்கிறார். புஷ்னெல், திருகின் தத்துவத்தில் அமைந்த துடுப்பு என்று எழுதியுள்ளார். அவர் குறித்தது இயங்கும் முறையை. படத்தில் அது உருவமாகிவிட்டது. இப்படமே பல நூல்களில் மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டமையால், டர்ட்டில் சுருள் திருகால் இயங்கியது என்னும் கருத்தும் பரவியது. பின்னாளில் கட்டப்பட்ட சில மாதிரிகளில் தகடு வடிவ உந்திகளே பொருத்தப்பட்டன.