ஓடும் கணினியில் வட்டு மாற்றும் வித்தை

இயங்கிக்கொண்டிருக்கும் கணினியை நிறுத்தாமலேயே அதன் உள்ளிருக்கும் வன்தட்டைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தும் முறை ‘ஹாட் ஸ்வாப்’ எனப்படுகிறது. மேசைக்கணினிக்கு இது யாரும் கேட்டுப் பெற்ற வசதி அன்று. ஒரு கணமும் நிற்கக் கூடாத பெருங்கணினிகளுக்காக உருவாகி, பிறகே வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 1974இல் தொடங்கப்பட்ட டேண்டம் நிறுவனம், முக்கிய உறுப்புகளை இரட்டையாக வைத்து, ஒன்று பழுதானால் மற்றது பணியைத் தாங்க, பழுதானதை ஓட்டத்தின் நடுவிலேயே மாற்றக்கூடிய கணினிகளை 1976 முதல் வங்கி முதலான நிறுவனங்களுக்கு விற்றது. 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகிய மூவரும், விலையுயர்ந்த பெரிய வட்டு ஒன்றுக்குப் பதிலாக மலிவான சிறு வட்டுகள் பலவற்றைச் சேர்த்து ஆளலாம் என்று ‘ரெய்டு’ கட்டுரையில் வாதிட்டனர். வட்டுகள் பெருகினால் பழுதும் பெருகும் என்பதால், இழந்த வட்டின் தகவலை மற்றவற்றிலிருந்து மீட்கும் ஏற்பாடு அதில் இன்றியமையாததாயிற்று. மீட்பு நடக்கும்போதும் கணினி ஓடவேண்டும் என்ற எதிர்பார்ப்பு இயல்பாகவே பின்தொடர்ந்தது.

அக்காலத்து மேசைக்கணினியில் இதற்கு இடமே இல்லை. 1986ஐ ஒட்டி வந்த ‘ஐடிஇ’ இணைப்பு முறையில், 40 ஊசிகள் கொண்ட தட்டையான ரிப்பன் கேபிள் ஒன்றில் இரண்டு வட்டுகள் தொங்கின. எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்பதை வட்டின் பின்புறமுள்ள ‘ஜம்பர்’ என்னும் சிறு இணைப்பியை மாற்றிச் செருகித் தீர்மானித்தனர். ஓடும்போது கேபிளை உருவினால் எந்த ஊசி முதலில் பிரியும் என்பதற்கு உறுதியில்லை. ‘கிரவுண்டு’ எனப்படும் தரையிணைப்பு முந்திக்கொண்டு அறுந்தால், மின்னோட்டம் சமிக்ஞைக் கம்பிகள் வழியே பாய்ந்து சில்லுகளைக் கெடுக்கக்கூடும். சாவியிட்டுப் பூட்டும் ‘மொபைல் ரேக்’ பெட்டிகளில் சாவியைத் திருப்பினால் வட்டுக்குரிய மின்சாரம் நின்றது; ஆனால் தொடக்கத்தில் மட்டுமே வட்டுகளைத் தேடிப்பார்த்த ‘பயாஸ்’ என்னும் தொடக்க மென்பொருளுக்கு அந்த மாற்றம் எட்டாததால், அந்தப் பூட்டு திருட்டுக்குத் தடையானதைவிட அதிகமாக எதையும் சாதித்ததாகச் சொல்ல முடியாது.

மடிக்கணினி ஒருவகையில் முன்னே சென்றது. 1990இல் வெளிவந்த பிசிஎம்சிஐஏ அட்டைத் தரத்தில், 68 ஊசிகளுள் மின்வழங்கும் ஊசிகள் நீளமாகவும், அட்டை செருகப்பட்டதை அறிவிக்கும் ஊசிகள் குட்டையாகவும் இருந்தன. மற்ற ஊசிகள் சேர்ந்த பிறகே அட்டையின் வருகை தெரியவேண்டும் என்பதே இதன் நோக்கம்.

இதே உத்தி 2003இல் வெளியான ‘சாட்டா’ முறையில் வன்தட்டுக்கும் வந்தது. ஒரு கேபிளுக்கு ஒரே வட்டு என்பதால் மாஸ்டர், ஸ்லேவ் தொல்லை ஒழிந்தது. வட்டுகள் நேரடியாகச் செருகப்படும் ‘பேக்பிளேன்’ பலகையில், 15 மின்முனைகளுள் தரையிணைப்பான 4ஆம், 12ஆம் முனைகள் முதலில் தொடும். அடுத்த கட்டத்தில் தொடும் 3, 7, 13ஆம் முனைகள், வட்டின் மின்தேக்கிகளை மின்தடையின் வழியே மெல்ல நிரப்பும். மின்வழங்கும் ஏனைய முனைகள் கடைசியில் சேரும். வெறுமையான மின்தேக்கி முழு மின்சாரத்தையும் ஒரேயடியாக உறிஞ்சினால், அருகில் ஓடும் வட்டுகளின் மின்னழுத்தம் சரிந்துவிடும். கடையில் வாங்கும் பவர் சப்ளையின் கேபிளிலோ, ஒரே மின்னழுத்தத்துக்குரிய மூன்று முனைகளும் ஒரே கம்பியில் சேர்க்கப்பட்டிருப்பதால், இந்த நுட்பத்தின் பாதியை வீட்டுக்கணினி பெற்றதே இல்லை.

ஊசிகளோடு மென்பொருளும் ஒத்துழைக்க வேண்டியிருந்தது. வட்டு வந்ததையும் போனதையும் இயங்குதளத்துக்கு அறிவிக்கும் ‘ஏஹெச்சிஐ’ முறையை இன்டெல் 2004இல் வகுத்தபோதிலும், விண்டோஸ் எக்ஸ்பியில் அதற்குரிய டிரைவர் உள்ளடங்கியிராததால், பல தாய்ப்பலகைகள் பழைய ஐடிஇ வடிவிலேயே ஓடின. அறிவிப்பு கிடைத்தாலும் கைவைக்குமுன் செய்யவேண்டியவை உண்டு: எழுதப்படாமல் நினைவகத்தில் தங்கியிருக்கும் தகவல் வட்டுக்குப் போய்ச்சேர வேண்டும், மின்சாரம் நின்ற பிறகும், நிமிடத்துக்கு 7200 முறை சுழன்ற தட்டு ஓய்வதற்குச் சில நொடிகள் காத்திருக்க வேண்டும்.

சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வந்தபோது இந்தக் காத்திருப்பு தேவையற்றதாயிற்று. கூடவே ஓட்டத்தின் நடுவே வட்டை மாற்றும் வாய்ப்பும் குறைந்தது. மெலிந்த மடிக்கணினிகளில் அது திருகாணியால் இறுக்கப்படும் எம்.2 பட்டையாகச் சுருங்கியது. அந்தச் செருகுவாய் மின்சாரம் இருக்கும்போது கழற்றுவதற்கென வடிவமைக்கப்பட்டதன்று. சில மடிக்கணினிகளில் சேமிப்புச் சில்லுகள் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்படுகின்றன. தரவு மையங்களிலோ, யு.2 முதலான வடிவங்களில், வட்டுகள் சர்வரின் முன்புறத்திலிருந்து இன்றும் ஓட்டத்தின் நடுவே உருவப்படுகின்றன.