பெண் தோழமையும் அறிவியற் புனைகதையும்: ஒரு வரலாற்று நோக்கு

சட்டமும் வழமையும் இடங்கொடாத உறவுகள் பலவற்றுக்கு இலக்கியமே முதலில் இடங்கொடுத்து வந்துள்ளது. பெண்கள் இருவரிடையே அரும்பும் அன்பும் காதலும் அத்தகையன. யப்பானிலே இவற்றைப் பொருளாகக் கொண்ட புனைகதை வகை 'யூரி' எனப்படும். லில்லி மலரைக் குறிக்கும் சொல் அது. இவ்வகை அண்மைக் காலத்தில் அறிவியற் புனைகதையுடன் இணைந்து வளர்ந்துள்ளது. ஆயின், கற்பனை உலகொன்றைப் படைத்து அதன் வாயிலாக நடைமுறை உலகின் பெண்ணடிமையை வினாவும் முயற்சி நம்மவர்க்குப் புதியதன்று.

வங்கத்து எழுத்தாளரான ரொக்கேயா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905ஆம் ஆண்டிலே சென்னையில் வெளியாயிற்று. கமலா சத்தியநாதன் 1901இல் தொடங்கிய 'இந்தியன் லேடீஸ் மகசீன்' என்னும் சஞ்சிகையே அதனை வெளியிட்டது. அக்கதையின் பெண்ணாட்டிலே ஆண்கள் வீட்டினுள் அடைபட்டிருக்கின்றனர். பெண்களின் பல்கலைக்கழகம் ஒன்று மேகத்திலிருந்து நீரைப் பெறுகின்றது; மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கின்றது. அவ்வெப்பமே பகைவர் படையையும் விரட்டுகின்றது. இவ்வியப்புகளினும் நம் கருத்தைக் கவர்வது ஒரு சிறு காட்சியாகும். முக்காடின்றித் தெருவில் நடக்கக் கூசும் சுல்தானாவின் விரல்கள் நடுங்குகின்றன. சகோதரி சாரா அவள் கையைப் பற்றியவாறு நடக்கின்றாள். ஈண்டுப் பேசப்படுவது காதலன்று, தோழமையே. எனினும், ஒரு பெண் வெளியுலகிற்கு வருவதற்கு இன்னொரு பெண்ணின் கை வேண்டியிருந்தது என்பதைக் கதை உணர்த்துகின்றது.

யப்பானிலே 1899ஆம் ஆண்டின் ஆணையினாற் பெண்கள் உயர்நிலைப் பாடசாலைகள் பெருகின. நல்ல மனைவியரையும் அறிவுள்ள அன்னையரையும் உருவாக்குவதே அவற்றின் நோக்கம். அப்பாடசாலைகளிலே மாணவியரிடையே ஆழ்ந்த நட்புகள் மலர்ந்தன. விவாகத்துடன் அவை முடிந்துவிடும் என்ற எண்ணத்துடனேயே சமுதாயம் அவற்றைப் பொறுத்துக்கொண்டது. 1916 முதல் வெளியான 'மலர்க் கதைகள்' மூலம் இவ்வுறவுகளை எழுத்தில் வடித்தவர் யொஷியா நொபுகோ. அவர் மொன்மா சியோ என்னும் பெண்ணுடன் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வாழ்ந்தார். அவ்வுறவைச் சட்டம் ஏற்கவில்லை. ஆகவே 1957இல் அவரைத் தமது சுவீகாரப் புத்திரியாக்கிக்கொண்டார். வாழ்க்கைத் துணைவியை மகளென்று பதியவேண்டிய நிலை, சட்டத்தின் வறுமையையே காட்டுகின்றது.

நூறாண்டுகள் கழித்து, ஹயகவா பதிப்பகத்தின் அறிவியற் புனைகதைச் சஞ்சிகை 2019ஆம் ஆண்டுக்குரிய இதழ்களுள் ஒன்றை யூரிச் சிறப்பிதழாக வெளியிட்டது. மறுபதிப்புக் காணுமளவிற்கு அது வரவேற்புப் பெற்றது. 2020இல் வெளியான ஒகாவா இஸ்ஸுயியின் 'ருவின்ஸ்டார் சைக்கிளோன் ரன்அவே' என்னும் நாவல் ஈண்டு நோக்கத்தக்கது. எதிர்காலத்திலே வாயுக்கோள் ஒன்றில் மீன்பிடித்து வாழும் குலங்களின் கதை அது. மணமான ஆணும் பெண்ணுமே இணைந்து படகேற வேண்டும் என்பது குல வழமை. ரெரா, டயோட் என்னும் பெண்கள் இருவர் அதை மீறிப் படகேறுகின்றனர். விண்வெளியை அடைந்த பின்னரும் விவாகமே தொழிலுக்கும் உரிமைக்கும் வாயிலாக இருப்பதைக் காட்டி, ஆசிரியர் இன்றைய சமுதாயத்தையே விமர்சிக்கின்றார் எனலாம்.

'வழமை' என்னும் சொல் யாழ்ப்பாணத்து வாசகருக்கு அந்நியமானதன்று. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்தது. மூன்றாண்டுகளின் பின் வெளியான மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' விவாகத்தினுள் பெண் படும் துயரைப் பேசிற்று. ஆயின், விவாகம் பிரித்துவிட்ட தோழியர் பற்றி எமது நாவல்கள் அதிகம் பேசவில்லை. 1824இலேயே உடுவிலிற் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தோன்றியிருந்தும் நிலைமை இதுவே.

சண்டிலிப்பாயிலுள்ள எமது வீட்டு றங்குப் பெட்டியில் அம்மம்மாவின் விடுதித் தோழி எழுதிய கடிதங்கள் ஏழு உள்ளன. இறுதிக் கடிதம் அத்தோழியின் விவாகச் செய்தியுடன் முடிகின்றது, அதன்பின் கடிதமில்லை. அது எத்தகைய உறவு என நான் துணிந்து கூறேன். ஆயின், அதனைச் 'சிநேகிதம்' என்ற ஒரு சொல்லால் மூடிவைத்துவிட்டோம் என்பதை மட்டும் கூறுவேன். எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் எழுத்துக்கு, இவ்வாறு மூடப்பட்ட கடந்த காலத்தைத் திறக்கும் ஆற்றலும் உண்டு. அத்தகைய எழுத்து எம்மிடையேயும் தோன்றுதல் வேண்டும்.