தலைப்புக்கு ஒரு முகவரி

விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள்கணக்கெடுப்பில், நின்ற பால்மரத் தொழிலாளருக்கு இன்னாருக்கு இன்ன நிரை என்று பகுத்துக் கொடுத்தபடியினாலேயே, செரம்பானை அடுத்த சுங்கை காடுட் வட்டாரம் போன்ற தோட்டப் புறங்களில், பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் ஆயிரமாயிரம் ரப்பர் மரங்களுக்கு நடுவே எவரும் தம் இடத்தைத் தவறவிட்டதில்லை. நூலுக்கும் அத்தகைய ஏற்பாடு அவசியம் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். குறளின் 133 அதிகாரங்களும் 1330 பாக்களும் எண் பெற்றிருப்பதனால், வழக்கிலுள்ள பெரும்பாலான பதிப்புகளில் ஒருவர் சுட்டும் பாவை மற்றவர் க்ஷணத்தில் கண்டுகொள்கிறார்.

1991-இல் டிம் பெர்னர்ஸ்-லீ உலகத்தாருக்கு வழங்கிய வலையிலும் இந்த ஏற்பாடு ஆதியிலேயே இருந்தது. பக்கத்தின் உள்ளே ஓரிடத்துக்குப் பெயரிட்டு, முகவரியின் இறுதியில் '#' குறியோடு அப்பெயரைச் சேர்த்தால், வாசகர் நேரே அவ்விடத்தை அடைவார். பிற்காலத்தில் பக்கங்களை மென்பொருளே உற்பத்தி செய்யத் தொடங்கியபோது, தலைப்பின் எழுத்துக்களிலிருந்தே அந்த நங்கூரப் பெயரை ஆக்கிக்கொள்ளும் வழக்கமும் பரவியது. ஆனால் வலைப்பக்கங்களை எழுதும் மொழிக்கென 1997-இல் வெளிவந்த எச்.டி.எம்.எல் 4 விதி, இப்பெயர் ரோமானிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்றும், அவ்வெழுத்தும் எண்ணும் சில குறிகளும் தவிர வேறெதுவும் அதில் வரலாகாது என்றும் வரையறுத்துவிட்டது. முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு மென்பொருளாலும், 2001-இல் கோலாலம்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாடு போன்ற முயற்சிகளாலும் திரையில் இடம்பெற்ற தமிழுக்கு, நங்கூரத்தில் மட்டும் இடமில்லாமற் போயிற்று.

2014-இல் எச்.டி.எம்.எல் 5 அத்தடையை நீக்கிற்று. இடைவெளி தவிர எந்த எழுத்தும் பெயரில் வரலாம் என்றாயிற்று. ஆயினும் தீங்கு வேறு வழியில் தொடர்ந்தது. எழுத்துக்களுக்குக் குறியீடு வழங்கும் யூனிகோடு, நமது உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தென வகுக்காமல் துணைக்குறிகளாக வகுத்திருக்கிறது. எழுத்தையும் எண்ணையும் மட்டுமே வைத்துக்கொள்ளும் கருவிகள், பைத்தான் மொழியின் வழக்கமான தேடல்விதியை நம்பியவை உட்பட, அக்குறிகளை வெட்டி எறிகின்றன. 'தோட்டம்' என்ற தலைப்பு 'தடடம' ஆகிறது. 'திட்டம்' என்பதும் அதே 'தடடம' ஆகிறது! இரண்டும் மோதும்போது கருவி பின்னதற்கு ஓர் எண்ணை ஒட்டுகிறது; நடுவே அதே வடிவம் பெறும் புதிய தலைப்பொன்று நுழைந்தால் எண் மாறி, முன்னர்ப் பிறர் அதற்குக் கொடுத்துவைத்த இணைப்பெல்லாம் வேறிடத்தில் கொண்டுபோய் விடுகிறது. எழுத்துக்கள் முழுமையாகப் பிழைத்தாலும், முகவரியைப் பிரதி எடுக்கையில் ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்துக்களாக நீள்வதால், 'தமிழ்' என்னும் ஒரு சொல்லே நாற்பத்தைந்து இடங்களை அடைத்துக்கொள்ளும்.

லயத்து வாழ்வையும், தோட்டப் பள்ளியையும், கோயிலையும், தோட்டத் துண்டாடலில் சிதறிய குடும்பங்களையும் குறித்து நீண்ட பக்கங்கள் எழுதும் அன்பர்களே! தலைப்புக்கான பெயரைக் கருவியின் விருப்பத்துக்கு விட்டுவிடாதீர்கள். சுருக்கமான ஒரு பெயரை நீங்களே இட்டு, தலைப்பைத் திருத்தினாலும் அப்பெயரை மாற்றாமல் காத்து வாருங்கள்.