நிலமும் நகரமும்: சிங்கப்பூர் வீடமைப்பின் வரலாற்றுப் பாடம்

நகரம் ஏன் வளர்கிறது என்று கேட்டால், மக்கள் பெருகுவதால் என்றே மாணவர் பலரும் விடையளிப்பர். அது பாதி உண்மை. வேலையை நாடி மக்கள் வருகின்றனர். மக்கள் திரண்ட இடத்தை நாடித் தொழில் வருகிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும்போது நிலத்தின் விலை ஏறுகிறது. எல்லாருடைய உழைப்பாலும் விளைந்த அவ்விலையேற்றம் யாருக்கு உரியது? வளரும் நாடுகளின் நகரங்கள் யாவும் இவ்வினாவை எதிர்கொண்டே ஆகவேண்டும். சிங்கப்பூர் அளித்த விடையை இங்கே ஆராய்வோம்.

1947ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 938,000 ஆக இருந்த மக்கள்தொகை, 1957இல் ஏறத்தாழ 1,446,000 ஆயிற்று. துறைமுகத்திலும் ஆற்றங்கரைக் கிடங்குகளிலும் அன்றாடக் கூலிக்கு உழைத்தவர்கள், வேலைக்கு அழைக்கப்படும் தொலைவிலேயே வாழ வேண்டியிருந்தது. ஆகவே, கடைவீடுகளின் மாடிகள் பலகைத் தடுப்புகளால் சிற்றறைகளாகப் பிரிக்கப்பட்டு, ஓர் அறையில் ஒரு குடும்பமே ஒடுங்கியது. 1947ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையைப் போருக்கு முந்தைய அளவில் நிறுத்தியது. குடியிருந்தோருக்கு அது காப்பாக அமைந்தது. ஆயினும் கட்டடங்களைப் பழுதுபார்க்க உரிமையாளருக்கு ஊக்கம் இல்லாமற்போயிற்று. நகரில் இடம் கிடைக்காதோர் புறநகர்க் கம்பங்களில் அத்தாப்புக் கூரை வேய்ந்து குடியேறினர்.

1927இல் நிறுவப்பட்ட சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம், தன் 32 ஆண்டுக் காலத்தில் கட்டியவை ஏறத்தாழ 23,000 வீடுகளே. 1960 பிப்ரவரியில் அதன் பணியை ஏற்ற வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், முதல் ஐந்தாண்டுத் திட்டத்திலேயே 50,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி முடித்தது. 1961 மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ ஸ்வீ கம்பத்தில் மூண்ட தீ, ஏறக்குறைய 16,000 பேரை வீடிழக்கச் செய்தது. அந்நிலத்தை அரசு கையகப்படுத்தி, அடுக்குமாடி வீடுகளை எழுப்பி, தீயால் வீடிழந்தோரைக் குடியமர்த்தியது.

கட்டும் வேகத்திற்கு நிலமே அடிப்படை. 1966ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் பொதுநோக்கத்திற்காகத் தனியார் நிலத்தை எடுக்கும் அதிகாரத்தை விரிவாக்கியது. 1973ஆம் ஆண்டுத் திருத்தமோ, அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாளைய சந்தை மதிப்புக்கு மேல் இழப்பீடு செல்லாதவாறு வரம்பு கட்டியது. நகர வளர்ச்சியால் ஏறும் விலை தனியொருவரைச் சேராமல் பொதுவுக்கே சேரவேண்டும் என்பது அதன் உட்பொருள். 1964இல் வீட்டு உரிமைத் திட்டம் தொடங்கியது. 1968 முதல் மத்திய சேமநிதியைக் கொண்டு வீடு வாங்க வழி பிறந்தது. ஜூரோங்கில் எழுந்த ஆலைகள் வேலையைத் தந்தன. அவ்வேலையின் ஊதியமே வீட்டுத் தவணையாக மாறியது. வேலையும் வீடும் ஒருசேர வளர்ந்தமையே இவ்வரலாற்றின் தனிச்சிறப்பு எனலாம்.

எனினும், இதற்கு விலை கொடுத்தோரை நாம் மறத்தலாகாது. சந்தை விலைக்குக் குறைவாகப் பெற்றுத் தம் நிலத்தை விட்டுக்கொடுத்த சிறு உரிமையாளர் இருந்தனர். கோழியும் காய்கறியும் வளர்த்து வாழ்ந்த கம்பத்துக் குடும்பங்கள் அந்த வருவாயை இழந்தன. செம்பவாங் கடற்படைத் தளத்தையும் தஞ்சோங் பகார் துறைமுகத்தையும் சார்ந்து ஒன்றாக வாழ்ந்த தமிழர், தீவெங்கும் பரவினர். தெருவிலேயே தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளைகளின் வாரிசுகளுக்கு, வீடும் வகுப்பறையுமே தமிழ் புழங்கும் இடங்களாயின. 2007இல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு, கையகப்படுத்தும் நாளின் சந்தை மதிப்பே இழப்பீடாயிற்று. முந்தைய வரம்பு ஒரு நெருக்கடிக் காலத்திற்கு உரியது என்பதை இத்திருத்தம் உணர்த்துகிறது.

பிற நாட்டு நகரங்கள் இங்குள்ள கட்டடங்களைப் பார்த்துக் கட்டலாம். நிலம், ஊதியம், சேமிப்பு ஆகிய மூன்றையும் இணைக்காவிடில் அவை வெறும் கட்டடங்களாகவே நிற்கும். நம் மாணவர்கள் இவ்வரலாற்றை எண்களால் மட்டும் அறிந்தால் போதாது. கம்பத்திலிருந்து மாடிக்கு வந்த நாளைப் பற்றித் தம் தாத்தா பாட்டியிடம் கேட்கட்டும். பெற்றது எது, இழந்தது எது என இரண்டையும் எழுதி வைக்கட்டும். அப்பதிவும் நம் நகரின் வரலாறே.